குழந்தைக்கு வாயுவா? முதலில் புட்டியைக் கவனியுங்கள்!

பிறந்து மூன்று வாரம் ஆன குழந்தை இரவு பத்து மணிக்கு வீறிட்டு அழ ஆரம்பித்தால், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அந்த அழுகை ஒரு குடும்பத்தோடு நின்றுவிடுவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவரும் விழித்துக்கொள்கிறார். விடியற்காலை குழாயில் தண்ணீர் வரும்போது எழுந்து குடம் வைக்க வேண்டியவர் அவர். தாராவியிலும் அன்டாப்ஹில்லிலும் செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழும் சால்களில் இது அன்றாடக் காட்சி. குழந்தை முகம் சிவந்து, காலை மடக்கி மடக்கி வயிற்றோடு சேர்க்கிறது. வயிறு உப்பியிருக்கிறது. அரை புட்டிப் பால் குடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

உடனே ஆலோசனைகள் வரத் தொடங்கும். ஊரிலிருந்து பாட்டி செல்போனில் பேசுவாள்: “ஏட்டி, பிள்ளைக்கு வாயு புடிச்சிருக்கும். வசம்பைச் சுட்டு உரசி நாக்கிலே தடவு.” பக்கத்து அறை மராத்தி அம்மா தன் பிள்ளைகளுக்குக் கொடுத்த பால் குட்டியை உரசிக் கொண்டுவந்து நிற்பாள். நம் ஊர் உரை மருந்துக்கு அது சொந்தக்காரி. கீழ்த்தளத்து மருந்துக் கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு சொட்டு மருந்தை எடுத்து நீட்டுவார். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர்கூட ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. அந்தப் புட்டியை யார் கலந்தார்கள், எப்படிக் கலந்தார்கள்?

கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். புட்டிப் பால் குடிக்கும் பச்சிளம் குழந்தையின் வயிற்றுத் தொல்லையில் ஒரு பங்கு குழந்தையின் வயிற்றிலே பிறப்பதல்ல. அடுப்படியில் பிறப்பது. தண்ணீரில், கரண்டி அளவில், நுரையில், ரப்பர் காம்பின் துவாரத்தில், புட்டியைப் பிடிக்கிற கையில் பிறப்பது. அதைச் சரி செய்யாமல் மருந்தைத் தேடி ஓடுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதற்குச் சமம்.

தாய்ப்பாலைப் பற்றி ஒரு வார்த்தை

தாய்ப்பாலுக்கு ஈடு இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். பால் மாவுக் கம்பெனிகளின் விளம்பர ஆட்டத்தை அடக்க இந்தியாவில் 1992-ல் தனிச் சட்டமே வந்தது. 2003-ல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. கைக்குழந்தைகளின் பால் மாவை விளம்பரம் செய்யக் கூடாது, இலவச மாதிரி கொடுக்கக் கூடாது, டப்பாவில் கொழுகொழு குழந்தையின் படம் போடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. தாராவியை ஒட்டியுள்ள சயான் ஆஸ்பத்திரியில் 1989-லேயே தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. ஆசியாவிலேயே முதலாவது அது. குறைமாதத்தில் பிறந்த எத்தனையோ பிள்ளைகள் முகம் தெரியாத தாய்மார்கள் கொடுத்த பாலில் பிழைத்திருக்கிறார்கள். நம் மக்களில் பலருக்கு இது தெரியாது என்பது வருத்தத்துக்குரியது.

ஆனால் எல்லா வீட்டிலும் நிலைமை ஒன்றல்ல. தாய் நோயில் படுத்திருக்கலாம். பால் போதாமல் எடை ஏறவில்லை என்று டாக்டரே டப்பா பாலை எழுதிக் கொடுத்திருக்கலாம். பிழைப்பும் ஒரு காரணம். 2017-ல் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தப்பட்டது. பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனத்தில் பெயர் பதிந்த பெண்ணுக்கு அது கிடைக்கும். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கும், வீட்டிலிருந்தபடியே அப்பளமும் முறுக்கும் போட்டு விற்கிறவளுக்கும் யார் விடுப்பு தருவார்கள்? நாற்பதாம் நாள் அவள் வேலைக்குப் போனால்தான் அடுத்த மாத வாடகை. அப்படிப்பட்டவளிடம் போய் “தாய்ப்பால்தான் சிறந்தது” என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது உபதேசமே தவிர உதவி அல்ல. புட்டி வந்துவிட்ட வீட்டில் அந்தப் புட்டியைச் சரியாகக் கலக்கக் கற்றுக்கொடுப்பதுதான் உதவி.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பாட்டிமார் புட்டியைக் கண்டதில்லை. பாலாடையில் அல்லது சங்கில் புகட்டினார்கள். இன்று குழந்தை டாக்டர்களே புட்டியைவிடப் பாலாடை மேல் என்கிறார்கள். ரப்பர் காம்பு இல்லை, திருகு மூடி இல்லை, அழுக்குத் தங்க இடுக்கும் இல்லை. கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் தீர்ந்தது. குழந்தையைச் சற்று நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்க விழுங்க ஊற்ற வேண்டும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஊரிலிருந்து வரும்போது டிரங்குப் பெட்டியில் வெள்ளிக் குங்குமச் சிமிழ் வருகிறது. பித்தளைக் குத்துவிளக்கு வருகிறது. பாலாடை மட்டும் ஊரிலேயே நின்றுவிட்டது.

தண்ணீரும் சூடும்

பால் மாவு டப்பா காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டிருப்பதால் உள்ளே கிருமியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பால் மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அபூர்வமாக அதில் ‘குரோனோபாக்டர்’ என்ற கிருமி இருக்கக்கூடும். பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கும், குறைமாதக் குழந்தைக்கும், எடை குறைந்த குழந்தைக்கும் அது உயிருக்கே ஆபத்து. இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. கொதிக்க வைத்த தண்ணீர் 70 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்குவதற்கு முன்பே அதில் மாவைக் கலக்க வேண்டும், பிறகுதான் ஆற வைக்க வேண்டும் என்பது அதில் உள்ள முக்கியமான சொல். பல டப்பாக்களில் ‘வெதுவெதுப்பான நீரில் கலக்கவும்’ என்றுதான் போட்டிருக்கிறது. மாவில் உள்ள கிருமி வெதுவெதுப்பான நீரில் சாகாது. அது வளர்வதற்கு ஏற்ற சூடு அது. இந்த முரண்பாட்டைப் பற்றிக் குழந்தை டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டுத் தெளிவு பெறுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

தெர்மாமீட்டர் வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்க விட்டு இறக்கி, மூடி வைத்தால், அரை மணி நேரத்துக்குள் கலந்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் சூடு போதாது. கலந்த பிறகு, மூடிய புட்டியைக் குளிர்ந்த நீர் உள்ள கிண்ணத்தில் நிறுத்தி ஆற்ற வேண்டும். கிண்ணத்து நீர் காம்பின் மேல் படக் கூடாது. மணிக்கட்டின் உட்புறத்தில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தால் சூடு தெரியாமல் இருக்க வேண்டும்.

மும்பையில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் வருகிற வீடு எத்தனை? சில மணி நேரம் வரும் தண்ணீரை டிரம்மில் பிடித்து மறுநாள் வரை வைத்திருக்கிறோம். டிரம்முக்குள் சொம்பு போகிறது, கை போகிறது. அந்தத் தண்ணீரை ‘சூடு பண்ணினேன்’ என்றால் போதாது; கொதிக்க வேண்டும். புட்டி, காம்பு, மூடி, வளையம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீரில் முழுவதும் முங்கும்படி வைத்துப் பத்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். காம்பின் உள்பக்கம் வழவழவென்று ஒட்டியிருக்கும் பால் பிசுக்குதான் முதல் எதிரி. அதை விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ராத்திரி விஷயத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கச் சோம்பல் வருவது இயற்கை. ஆகவே படுக்கும் முன்பே இரண்டு புட்டியைக் கலந்து வெந்நீர்ப் பாத்திரத்திலோ பிளாஸ்கிலோ வைத்துவிடுகிறார்கள். இதைவிடக் கெடுதல் வேறு இல்லை. கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வெதுவெதுப்பில் வைத்த பாலில் கிருமிகள் ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகிக்கொண்டிருக்கும். குழந்தை வாய் வைத்து மீந்த பாலை எத்தனை மணியானாலும் கொட்டிவிட வேண்டியதுதான். பிளாஸ்க் வேண்டாம் என்பதல்ல. அதில் கொதித்த தண்ணீரை மட்டும் கழுத்து வரை நிரப்பி இறுக மூடி வைக்கலாம். மாவை அளந்து, ஈரம் இல்லாத சுத்தமான சிறு டப்பாவில் தனியாக வைக்கலாம். குழந்தை எழுந்ததும் இரண்டையும் சேர்த்தால் ஐந்து நிமிட வேலை. அடுப்பே வேண்டாம்.

கரண்டிக் கணக்கு

மாதச் சம்பளக்காரர்களுக்குக் கணக்கு நன்றாகவே புரியும். நாலரைக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 700 மில்லி பால் வேண்டியிருக்கும். அதற்கு ஏறக்குறைய 90 முதல் 100 கிராம் மாவு தேவை. 400 கிராம் டப்பா நாலு நாளில் காலி. மாதத்துக்கு ஏழெட்டு டப்பா. அதன் விலையை ஒரு தினக்கூலியின் வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அடுத்து நடப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி விழுகிறது. ‘தண்ணியாக இருந்தால் சீக்கிரம் செரிக்கும்’ என்று அதற்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்கள்.

அது செரிமானம் அல்ல, பட்டினி. நீர்த்த பால் குடித்த குழந்தைக்குப் பசி அடங்காது. பசித்த குழந்தை அழும். அழும்போது காற்றை விழுங்கும். காற்று விழுங்கினால் வயிறு உப்பும். ‘வாயு’ என்று மறுபடியும் பாலைக் குறைப்பார்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து மூன்றாவது மாதத்தில் எடை பார்க்கும்போது டாக்டர் முகம் சுளிக்கிறார். தாய் தலை குனிகிறாள். அவள் செய்த பாவம் என்ன? மாதக் கடைசியில் டப்பாவை நாலு நாள் நீட்டிப் பார்த்தாள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. குழந்தை கொழுக்க வேண்டும் என்று கரண்டியைக் கோபுரமாகக் குவித்துப் போடுகிறார்கள். கெட்டிப் பால் மலச்சிக்கலைக் கொண்டுவரும். உடம்பில் நீர் வற்றும். குழந்தையின் சிறுநீரகத்துக்குத் தாங்க முடியாத பாரமாகும். சர்க்கரை சேர்ப்பதும், அரிசிக் கஞ்சி அல்லது பார்லித் தண்ணீர் கலப்பதும் இந்த வயதில் கூடாது. டப்பா விலை கட்டுப்படியாகவில்லை என்று பசும்பாலில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதும் ஒரு வயது வரை சரியல்ல. விலை கட்டுப்படியாகாதவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாய்ப்பாலை மறுபடி கூட்டுவதற்கு வழி இருக்கிறதா என்று பார்க்க அவரால் முடியும். நின்றுபோன பாலே சில வாரம் குழந்தையை விடாமல் மார்பில் சேர்த்தால் திரும்பச் சுரந்ததுண்டு.

முறை எளியது. முதலில் தண்ணீர், பிறகு மாவு. மாவை முதலில் போட்டுக் கோடு வரை தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் குறைந்துவிடும். புட்டியைச் சமமான இடத்தில் வைத்து, கண்ணைக் கோட்டின் நேருக்குக் கொண்டுபோய் அளவைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி என்ற கணக்கு இருக்கும். ஆனால் டப்பாவுக்கு டப்பா கரண்டியின் அளவு மாறும். ஆகவே பழைய டப்பாவின் கரண்டியைப் புது டப்பாவுக்குப் போடக் கூடாது. அமுக்காமல் அள்ளி, சுத்தமான கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட வேண்டும்.

காற்று எங்கிருந்து வருகிறது?

காற்று மூன்று வழியாக வயிற்றுக்குள் போகிறது. ஒன்று நுரை. டீக்கடைக்காரர் டீயை ஆற்றுவதுபோல் சிலர் புட்டியை மேலும் கீழும் குலுக்குகிறார்கள். மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நிற்கிறது. நுரை என்பது பாலுக்குள் அடைபட்ட காற்று. அதைக் குழந்தை அப்படியே விழுங்குகிறது. புட்டியைச் செங்குத்தாகப் பிடித்து, தயிர் மத்தைச் சுழற்றுவதுபோல் மெல்லச் சுழற்றினால் மாவு கரையும். சுடுநீரில் கலப்பதால் கட்டி விழுவதும் குறைவு. ஆறுகிற நேரத்தில் இருக்கிற நுரையும் அடங்கிவிடும். அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் காத்திருப்பது கஷ்டம்தான். அந்த ஐந்து நிமிடம் ராத்திரியில் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தலாம்.

இன்னொன்று காம்பு. புட்டியைக் கவிழ்த்தால் வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் பால் விழ வேண்டும். துவாரம் சிறிதானால் குழந்தை முக்கி முக்கி உறிஞ்சிக் காற்றையும் சேர்த்து இழுக்கும். பெரிதானால் பால் கொட்டும். குழந்தை மடக் மடக்கென்று விழுங்கி மூச்சுத் திணறும். சூடு காட்டிய ஊசியால் காம்பின் துவாரத்தைப் பெரிதாக்குகிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஆறு வாரக் குழந்தையின் வாயில் ஆறு மாதக் குழந்தைக்கான வேகத்தில் பாலை ஊற்றுகிற வேலை அது.

மூன்றாவது, பிடிக்கும் விதம். குழந்தையைப் படுக்க வைத்து, புட்டிக்குத் தலையணை முட்டுக் கொடுத்துவிட்டு, சோறு பொங்கப் போகிறவர்கள் உண்டு. காற்றும் போகும், பால் புரையேறி உயிருக்கே ஆபத்தும் வரும். குழந்தையின் தலை வயிற்றைவிட உயரமாக இருக்க வேண்டும். காம்பின் பகுதி எப்போதும் பாலால் நிறைந்திருக்கும்படி புட்டியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்க விட வேண்டும். அழுது ஓயும் வரை காத்திருந்து கொடுப்பதைவிட, குழந்தை கையைச் சப்பி வாயைத் திருப்பித் தேடும்போதே கொடுத்துவிட்டால் காற்று குறையும்.

இன்னும் ஒன்று. காசு கொடுத்து வாங்கிய பாலாயிற்றே என்று, போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளையின் வாயில் மிச்சத்தைத் திணிப்பது. நிரம்பிய வயிறும் வலிக்கும். பெரியவர்களுக்குக் கல்யாணப் பந்தியில் தெரிகிற விஷயம் இது. குழந்தை விஷயத்தில் மட்டும் மறந்துவிடுகிறது.

பால் குடித்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் எடுப்பது நல்ல வழக்கம். ஆனால் ஏப்பம் வந்தே தீர வேண்டும் என்று பிஞ்சு முதுகைத் தட்டித் தட்டிப் பதம் பார்க்க வேண்டாம். சண்டிகரில் டாக்டர்கள் 71 தாய்மார்களையும் அவர்கள் குழந்தைகளையும் வைத்துச் சோதித்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏப்பம் எடுத்ததால் வயிற்று வலி அழுகை குறைந்ததாகத் தெரியவில்லை. பால் கக்குவதுதான் கூடியது. ஐந்து பத்து நிமிடம் நிமிர்த்தி வைத்திருந்து, வந்தால் வரட்டும், வராவிட்டால் படுக்க வைக்கலாம்.

எல்லா அழுகையும் வாயு அல்ல என்பதையும் மனதில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானாக ஓய்கிற அழுகை நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளுக்கும் உண்டு. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையும் அழும். அதற்கு உலகத்தில் இன்னும் சரியான மருந்து கிடையாது. ஆகவே புட்டியைச் சரியாகக் கலந்தும் குழந்தை அழுதால் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது.

மருந்துக் கடைச் சொட்டு

மருந்து இல்லை என்றால் மக்கள் சும்மா இருப்பார்களா? கிரைப் வாட்டர் இல்லாத தமிழ் வீடு அபூர்வம். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்பவர் 1851-ல் முதன்முதலில் தயாரித்த அந்த நீரில் சாராயமும் கலந்திருந்தது. குழந்தைகள் ஏன் அமைதியாகத் தூங்கின என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இப்போது விற்பதில் சாராயம் இல்லை. பலன் உண்டு என்பதற்கு நல்ல சான்றும் இல்லை. வாயுக் குமிழியை உடைக்கும் என்று தரப்படும் சிமெதிகோன் சொட்டும், சோதனைகளில் மருந்தில்லாத சொட்டைவிட மேலானதாகத் தெரியவில்லை.

இவை பெரும்பாலும் காசுக்குத்தான் கேடு. உயிருக்குக் கேடானது வேறு. டைசைக்ளோமின் கலந்த வயிற்று வலிச் சொட்டு மருந்துகளை ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சுத் திணறல், மயக்கம் எல்லாம் வந்திருக்கின்றன. சீட்டு இல்லாமல் கடைக்காரர் எடுத்து நீட்டும் புட்டியில் என்ன மருந்து என்று படித்துப் பார்க்காமல் ஒரு சொட்டுகூட வாயில் விடக் கூடாது. தேனும் ஒரு வயதுக்குள் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளம் குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும். வசம்புக்கு ‘பேர் சொல்லாதது’ என்று பெயர் வைத்து மரியாதை செய்த சமூகம் நம்முடையது. அந்த மரியாதை இருக்கட்டும். உள்ளுக்குக் கொடுப்பது வேண்டாம். உரசும் கல்லில் எந்தத் தண்ணீர் பட்டது, எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்?

ஆண்களும் தமிழும்

தலைப்பிள்ளைக்கு மகள் தாய் வீட்டுக்குப் போகிறாள். இரண்டாவது பிள்ளை பெரும்பாலும் மும்பையிலேயே பிறக்கிறது. அம்மாவால் வர முடியவில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி. வீட்டில் மிச்சம் இருப்பவர் கணவர் ஒருவரே. கல்யாணத்துக்கு முன் நாலு பேர் சேர்ந்த அறையில் முறை வைத்துச் சாம்பார் வைத்தவர்தான் அவர். தாலி கட்டிய மறுநாள் அவருக்கு அடுப்புப் பற்ற வைக்கவே மறந்துபோகிறது! அளந்து ஊற்றவும், நேரம் பார்க்கவும், கணக்கு எழுதவும் பழகிய கை ஒரு குமாஸ்தாவின் கை. புட்டி கலப்பதற்கு அதைவிடப் பொருத்தமான கை வேறு ஏது? மத்திய அரசு ஊழியருக்கு 1997-லிருந்து 15 நாள் தந்தை விடுப்பு உண்டு. அதை எடுத்து வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடிக்கிறவர்கள், இரவு இரண்டு மணிப் புட்டியையும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஐந்து மணி நேரம் தொடர்ச்சியான தூக்கமாவது கிடைக்கும்.

பொதுப் பொறுப்பும் இருக்கிறது. உணவுப் பொட்டல விதிகளின்படி லேபிளில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும். வேறு மொழி கம்பெனியின் விருப்பம். எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு மும்பைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண், பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்த அளவு அட்டவணையை எப்படிப் படிப்பாள்? கடைக்காரர் சொன்னதை வைத்துக் கலக்கிறாள். கைக்குழந்தையின் உணவிலாவது படம் போட்ட விளக்கமும், விற்கிற இடத்து மக்களின் மொழிகளும் இருந்தாக வேண்டும் என்று விதி செய்தால் யாருக்கு நஷ்டம்? டப்பா பால் எழுதிக் கொடுக்கிற ஆஸ்பத்திரியில், வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு புட்டியைத் தாயும் தகப்பனும் தங்கள் கையாலேயே கலந்து காட்ட வேண்டும் என்று ஒரு நர்ஸ் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

அதுவரை நம் சங்கங்கள் சும்மா இருக்க வேண்டுமா? பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும். அதே மேடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு குழந்தை டாக்டரை அழைத்து, ஸ்டவ், பாத்திரம், புட்டி, கரண்டி வைத்துச் செய்து காட்டச் சொல்லலாம். கொட்டை எழுத்தில் ஒரே ஒரு தாளைத் தமிழில் அச்சடித்து, அடுப்புக்கு மேலே ஒட்டிக்கொள்ளக் கொடுக்கலாம். நாடகத்துக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

அந்தத் தாளின் கீழே சிவப்பு மையில் போட வேண்டியவை சில உண்டு. குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் கண்டால், மூன்று மாதத்துக்குள் உடம்பு 38 டிகிரி அல்லது அதற்கு மேல் சுட்டால், வயிறு கல்போல் இறுகி உப்பினால், குடித்த பாலெல்லாம் பீய்ச்சியடிப்பதுபோல் ஒவ்வொரு முறையும் வெளியே வந்தால், பாலே குடிக்காமல் துவண்டு கிடந்தால், அது வாயு அல்ல. ஏப்பம் எடுத்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். போகும்போது பால் டப்பாவையும் அதன் கரண்டியையும், கடையில் வாங்கிய சொட்டு மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். வசம்போ பால் குட்டியோ உரசிக் கொடுத்திருந்தால், டாக்டர் கோபிப்பாரோ என்று மறைக்காமல் அதையும் சொல்லிவிட வேண்டும்.